பல் பட்ட கற்கள்

டாண்டெனாங் ஞாயிற்றுச் சந்தையில்
கிலோ முப்பது டாலர்.
ஹோவா அள்ளிப் போடுகிறாள், அரிசி அளப்பதுபோல.
கொசுறாக வந்தவை:
ஒரு ஹேர்பின்,
காய்ந்த திராட்சை,
தலையில்லாத தீயணைப்பு வீரர்கள் இருவர்.

பாத்ரூம் வாளியில் சோப்புத்தண்ணீர் விட்டு
ஊறவைத்து அலசினேன்.
அழுக்கு போயிற்று.
பல் தடம் போகவில்லை.

பத்துக்கு ஒன்றாவது கடிபட்ட கல்.
நகம் நுழையாத இடுக்கை
எந்த ஊர்ப் பிள்ளையோ
பல்லால் நெம்பிப் பார்த்திருக்கிறது.

பல் தடம் எனக்குப் புதிதில்லை.
இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை
ஃப்ளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில்
சூயிங்கம் சுரண்டுகிற வேலை.
தகட்டைக் கொடுத்தால்
பெஞ்சுக்கடியிலிருந்து உதிரும்
யாரோ யாருக்கோ காத்திருந்த அரைமணி நேரம்,
கடைவாய் அச்சு கலையாமல்.

அந்த ஸ்டேஷனைத்தான் கட்டினேன்.

"ஒபரா ஹவுஸ் கட்டேன்,
பார்த்தவுடன் எல்லாருக்கும் தெரியும்" என்றான் வேந்தன்.
அதை நான் பெருக்கியதில்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்றவர்கள்
ஸ்டேஷனைப் பற்றி மூச்சு விடவில்லை.
மஞ்சளைக் கண்டால் பச்சையைக் காணோம்,
பச்சையைக் கண்டால் காசைக் காணோம்.
குவிமாடத்துக்கு வேண்டிய அந்த வெளிறிய பச்சை
ஒரு கல் இரண்டு டாலர்,
மூட்டையில் வராது, தனியாகத்தான் தேட வேண்டும்.
மூன்று சனிக்கிழமை ஓவர்டைம்
முழங்கை உயரத்துக்கு வளர்ந்து
உச்சியில் ஒரு குமிழாக முடிந்தது.

ஜன்னல்களை எண்ணியது வேலை நேரத்தில்.
துடைப்பத்தை ஊன்றி அண்ணாந்து நின்றால்
சூப்பர்வைசர் நான் சாமி கும்பிடுகிறேன் என்று
ஒதுங்கிப் போவார்.

பதினோரு மாதம்
சாப்பாட்டு மேஜை எங்களுக்கு இல்லை.
ஓரமாக வைத்த ரசம்
ஐந்தாம் பிளாட்பாரத்தில் சிந்தியது ஒருநாள்.
துணி எடுத்து ஒற்றினேன். வேலைதானே.

வாசல் கடிகாரங்களில் மணி நாலு பத்து.
எல்லாவற்றிலும்.

பாலாரட்டில் பள்ளிக்கூட ஹால்.
இடப்பக்கம் ஈஃபிள் கோபுரம், எதிரே தாஜ்மகால்,
இரண்டுக்கும் நடுவில் சமோசா ஸ்டால்.
சுற்றிவந்த நெவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நெடுநேரம் குனிந்திருந்தார்.
"நல்ல வேலை. ஆனால் ஆளே இல்லையே,
வெறிச்சென்று கிடக்கிறதே" என்றார்.
மணியைப் பாருங்கள் என்றேன்.
பார்த்தார். தன் கைக்கடிகாரத்தை.

ஒரு பையன் மட்டும்
மூக்கு கயிற்றில் உரச எட்டிப் பார்த்து
மூன்றாவது வளைவைக் காட்டினான்:
"இதை யாரோ கடிச்சிருக்காங்க."
அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனாள்.
அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்,
கடித்தவன் உள்ளே இருப்பதைப்போல.

பரிசு ஈஃபிளுக்கு.
ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்யவேண்டும்.
வருகிறேன் என்ற வேன் வரவில்லை.
எங்கள் காரில் ஸ்டேஷன் நுழையாது,
கல்லாக நுழையும்.

தரையில் உட்கார்ந்து பிரித்தோம்.
பதினோரு மாதம் நாற்பது நிமிடத்தில்
ஐஸ்கிரீம் டப்பாக்களுக்குள் விழுந்தது.
மழைச் சத்தம்போல இருக்கிறது என்றான் வேந்தன்.
நான் பேசவில்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உச்சிக் குமிழின் கீழே
ஒட்டிக்கொண்ட இரண்டு பச்சைக் கல்
பிரிய மாட்டேன் என்றது.
பிரிக்கிற கருவியை எங்கே வைத்தோமோ.
நகம் நுழையவில்லை.
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார் நெவில்.
வாயில் வைத்தேன்.

சட்டென்று விட்டது.

ஈரத்தைப் புடவையில் துடைத்து
டப்பாவில் போட்டுக் குலுக்கினேன்.
அதில் எது என்னுடையது என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.